தங்குகடலின் தென்கை

தலைநகர்,
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்தான், என் பெண் சின்னவளுக்கு மட்டும் இருமல் விட்டபாடில்லை. உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாமா அந்த லாஞ்சு எஞ்சினோடு இன்னும் மல்லுக்கட்டுகிறாரா, இல்லை அது ஒரேயடியாக அவரை ஜெயித்துவிட்டதா?

ஒரு சந்தோஷமான விஷயம். நம் பக்கத்து வரைபடத்தை எங்கள் நில அளவைத் துறை புதிதாக அச்சடிக்கப் போகிறது. பெயர்ப் பிரிவில் அந்தத் தாள் என் மேசைக்கே வந்தது. ஆசையோடு விரித்தேன். நீயும் நானும் பிறந்து வளர்ந்த அத்தனை பெரிய நீலத்தின் மேலே என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'உவர் ஏரி'. பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் 'ஆண்' என்று எழுதிவைத்த மாதிரி. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

மேற்குக் கரையில் நாம் 'தங்கல்' என்கிறோம். கிழக்குக் கரைக்காரர்கள் 'சின்னக்கடல்' என்கிறார்கள். இரண்டு பெயரை அச்சடிக்க முடியாது. இரண்டு கரையும் சேர்ந்து ஒரு பெயரைச் சொன்னால் அதையே போட்டுவிடலாம் என்று எங்கள் இயக்குநர் சொல்லிவிட்டார். இதைச் செய்ய உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இரண்டு கரைக்கும் போய்வருவது உன் லாஞ்சு ஒன்றுதான். கொஞ்சம் பேசிப் பார்.

அக்கா, இன்னொன்று. சின்னப் பிள்ளையில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நம் தங்கல் தெற்கே கை மாதிரி நீளும் தென்கையைக் குறுக்கே நடந்தே என்னைத் தூக்கிப் போனாயே. எனக்கு உப்பு நொறுங்கும் சத்தம் மட்டும்தான் ஞாபகம். எந்த மாதம், எந்த வழி, எவ்வளவு தூரம் என்று விவரமாக எழுது. படிக்க ஆசையாக இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


படகுத்துறை,
பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த தபால் பையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன், மேலேயே கிடந்தது. இருமலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையை நனைக்கச் சொல். இங்கே உப்புக்குப் பஞ்சமா, வேண்டுமானால் மூட்டை அனுப்புகிறேன். என் முழங்கால் மேகம் கறுத்தால் வலிக்கிறது, வெளுத்தால் விட்டுவிடுகிறது. எஞ்சினும் மாமாவும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் வாழ்கிறார்கள்.

நீ சொன்னதைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சொன்னேன். மனுஷன் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். "தங்கல்னு எழுதச் சொல்லும்மா. ஆறு உள்ளே வருது, வெளியே போக வழியில்லை, இங்கேயே தங்குது. வேற என்ன பேரு வைக்க முடியும்?" என்றார். சரி என்று கிழக்குக் கரைக்குப் போனால், அங்கே வலைக்காரர்களுக்குத் தலைவர் இருக்கிறாரே, கட்டைக்குரலார், அவர் சிரித்த சிரிப்பில் லாஞ்சே ஆடியது. "தங்கலாம்! மழைத்தண்ணி தேங்கின குட்டைக்கு வைக்கிற பேரு. வாயில ஒரு சொட்டு விட்டுப் பாரு. கரிக்குதா இல்லையா? கரிச்சா கடல்."

வாத்தியார் கிழக்கே போகமாட்டார், கட்டைக்குரலார் மேற்கே வரமாட்டார். இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் சொல்லிச் சொல்லி என் வாய் வீங்கிவிட்டது. சம்பந்தம் பேசுகிறவள்கூட இத்தனை நடை நடந்திருக்கமாட்டாள்.

ஆனாலும் விடமாட்டேன். என் தம்பி கேட்டு நான் இல்லையென்று சொன்னதுண்டா?

லாஞ்சுக்கு நேரமாகிவிட்டது. மற்றது பிறகு.

ஆசிகளுடன்,
அக்கா


தலைநகர்,
மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன், வீடே சிரித்தது. உப்புத் தண்ணீர் வைத்தியத்தில் சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. அத்தைக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

பெயர் விஷயத்தில் அவசரமில்லை, ஆறப்போட்டுச் செய். ஆனால் நீ தென்கை நடையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. மறந்துவிட்டாயா? வழியில் எங்கெங்கே தரை காய்ந்திருந்தது, வண்டிகள் போனதுண்டா, வேறு யாரும் அப்படிக் கடந்ததுண்டா, எல்லாம் எழுது. எனக்குத்தான். அலுவலகத்துக்கு இல்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


படகுத்துறை,
மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய். பெயர் கிடைத்துவிட்டது!

இவர் அங்கே போகமாட்டார், அவர் இங்கே வரமாட்டார் என்றால் தண்ணீருக்கு நடுவில் வரலாமே? இரண்டு கரையிலும் ஏற்றிக்கொண்டு போய் நட்ட நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டேன். "பேரு வச்சாத்தான் இனி கரை" என்றேன். மாமா நங்கூரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆரம்பித்தார்கள். வாத்தியார், "கடல்னா அலை வேணும்" என்றார். "காத்து நாள்ல பள்ளிக்கூடத்தை மூடிட்டுத் துறைக்கு வாங்க, அலையைக் காட்டறேன்" என்றார் கட்டைக்குரலார். "கடல்னா எங்கேயாவது போகணும்யா, இது எங்கே போகுது?" "போகாட்டி என்ன? உங்க வீட்டு மாப்பிள்ளைகூடத்தான் எங்கேயும் போகலை, மாமியார் வீட்டிலேயே தங்கிட்டான், அவன் மாப்பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?" வாத்தியார் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுச் சிரித்தேன்.

வெயில் ஏற ஏற எல்லோருக்கும் நாக்கு வறண்டது. டீக்கடைக்காரி பாத்திரத்தோடு வந்திருந்தாள். ஆளுக்கு ஒரு கிளாஸ் நீட்டிக்கொண்டே, "ரெண்டு பேர் சொல்றதும் ஒண்ணுதானே. இது கடல்தான். ஆனா வந்த இடத்திலேயே தங்கிட்ட கடல். இதுக்குப் போயி டீயை ஆறவிடறீங்களே" என்றாள்.

வாத்தியார் மெல்ல, "தங்குகடல்" என்றார். கட்டைக்குரலார் அதை ஒரு தரம் வாயில் போட்டுப் பார்த்தார். "தங்குகடல். ம். கரிக்குது" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து வந்தார்கள்.

இனி நீ கேட்டது. மறப்பேனா? கோடை முற்றிய மாதம். அம்மா படுத்த படுக்கை, அப்பா ஆற்றுமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். உனக்கு ஜன்னி கண்டு கண் மேலே போய்விட்டது. டாக்டர் கிழக்குக் கரையில். தண்ணீர் உள்வாங்கி லாஞ்சு சேற்றில் உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் தென்கைக்குப் போய், அது பெரிய தண்ணீரோடு சேரும் குறுகலான கழுத்துப் பக்கமாக இறங்கி, உன்னை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தேன். உப்புப் பொருக்கு கண்ணாடி மாதிரி நொறுங்கியது. பாதமெல்லாம் ரத்தம். எனக்கே அப்போது தாவணி வயசு. நடுவில் ஓரிடத்தில் தரை ஏமாற்றிவிட்டது. மேலே வெள்ளையாக இருக்கும், உள்ளே சேறும் தண்ணீரும். இடுப்புவரை இழுத்தது. உன்னைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'இவனையாவது விட்டுடு' என்று அந்தத் தண்ணீரிடம் கேட்டேன். விட்டது. எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கோடையில் அப்படி நடப்பவர்கள் உண்டு, வழி தெரிந்தவர்கள். மழை விழுந்தால் அதே இடத்தில் என் லாஞ்சு போகும். ஆற்றில் வரும் வெள்ளமெல்லாம் தென்கையில்தானே போய்ப் படுக்கிறது. அதுவும் காய்ந்து வற்றும்போது இரண்டு கரைப் பெண்களும் கூனி இறால் அள்ளுவார்கள், உப்புச் சுரண்டுவார்கள். உனக்குத் தெரியாததா?

ஏன் இதையெல்லாம் கேட்கிறாய், வயசாகிறதா?

ஆசிகளுடன்,
அக்கா


தலைநகர்,
ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். 'தங்குகடல்' எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். தாள் அச்சுக்குப் போய்விட்டது.

நீ எழுதிய மற்றதையும் படித்தேன்.

எனக்குப் பிரிவுத் தலைவர் வேலை கொடுத்திருக்கிறார்கள். புது வீடு மாறுகிறோம். உறையின் பின்னால் புது விலாசம் எழுதியிருக்கிறேன். வேலை நெருக்கடி, சுருக்கமாக முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


படகுத்துறை,
ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

புது வீடு சௌகரியமா? சின்னவள் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பழகிவிட்டாளா? நீ தலைவரானதைச் சொல்லித் துறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன். டீக்கடைக்காரி காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டாள்.

வரைபடம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வாத்தியார் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு கரைக்கும் ஆள் அனுப்பினார். கட்டைக்குரலார் சலவைச் சட்டையில் மேற்குக் கரையில் காலை வைத்தார், முதல் தடவையாக. பெரிய எழுத்தில், நீலத்தின் மேல், 'தங்குகடல்'. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு கட்டைக்குரலார் கிட்டப் போய்ப் பார்த்தார். "நீலம் ஏன் கழுத்தோட நின்னுபோச்சு?" என்றார்.

தம்பி, தென்கை நீலத்தில் இல்லை. மஞ்சளாக அடித்து மேலே புள்ளி வைத்திருக்கிறது. 'தென் உவர்த்திடல்' என்று எழுதியிருக்கிறது. நாங்கள் ஒரு பெயர்தானே கொடுத்தோம். இந்த இரண்டாவது பெயரை யார் கொடுத்தது?

அச்சடிக்கிறவன் தப்பு என்று நான் சொல்லிவிட்டேன். ஆனால் போன வாரம் தென்கையில் சிலர் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூனி அள்ளப்போன பெண்களை விரட்டியிருக்கிறார்கள். கேட்டால் உப்புக் கம்பெனி ஆட்களாம். "தண்ணின்னா பொது. இது நிலம். நிலத்தைச் சர்க்கார் குத்தகைக்கு விட்டாச்சு" என்கிறார்கள். கழுத்தை அடைத்துக் கரை போடப் போகிறார்களாம்.

தப்பைத் திருத்திப் புதுத் தாள் அனுப்ப எத்தனை நாளாகும் என்று எழுது. எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள்.

ஆசிகளுடன்,
அக்கா


படகுத்துறை,
ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால் பை தினமும் என் லாஞ்சில்தான் வருகிறது. அதில் உன் கடிதம் இல்லை என்பது ஊரில் எனக்குத்தான் முதலில் தெரிகிறது. ஒருவேளை என் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விட்டதோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

பதினெட்டாம் தேதி பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஆட்சேபணை இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். நாங்கள் என்ன சொன்னாலும் எழுத்தறியாத ஜனம் என்பார்கள். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரைபடத்தை எழுதியவனே வந்து 'தென்கை தண்ணீர்தான்' என்றால் அதற்கு மேல் பேச்சு உண்டா? கட்டைக்குரலார் சொல்கிறார், "உன் தம்பி வர்றானா, அப்ப நான் நிம்மதியாத் தூங்குவேன்."

மாமா மட்டும், "அவனை நம்பிக் கிணத்துல இறங்காதே" என்றார். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

லாஞ்சைக் கழுவி வைத்திருக்கிறேன். எந்த வண்டியில் வருகிறாய்?

அக்கா


தலைநகர்,
ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

வருகிறேன். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டாம். தங்க விடுதியில் இடம் போட்டிருக்கிறார்கள். மற்றவை நேரில்.

தம்பி


படகுத்துறை,
ஆகஸ்ட் 27

பெயர்ப் பிரிவுத் தலைவர் ஐயா அவர்களுக்கு,

லாஞ்சு ஓட்டும் பொம்பளை எழுதிக்கொண்டது. இங்கே யார் சுகமாக இருக்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று அதை விட்டுவிடுகிறேன்.

பதினெட்டாம் தேதி காலையிலிருந்து லாஞ்சோடு பஸ் நிற்கும் துறையில் காத்திருந்தேன். வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்தேன். கடைசியில் வாத்தியார் ஓடிவந்து, "தம்பி வந்தாச்சும்மா. தென்கை வழியா வந்தாச்சு" என்றார். கம்பெனி ஜீப்பில் வந்திருந்தீர்கள். நல்ல வழிதான், காய்ந்த வழி.

பள்ளிக்கூடத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, கம்பெனி வக்கீல், அவருக்குப் பக்கத்தில் அளவைத் துறை சார்பில் நீங்கள். கண்ணாடி போட்டிருந்தீர்கள். இளைத்திருந்தீர்கள். நான் இந்தப் பக்கம் வரும்படி கையைக்கூட ஆட்டினேன், இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று நினைத்து.

என்னைக் கூப்பிட்டார்கள். நீங்கள் பேனாவைத் திறந்தீர்கள். தலையைத் தூக்காமலே கேட்டீர்கள்.

"சாட்சி, உங்க பேரு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

"அக்கான்னு எழுதிக்கோங்க" என்றேன்.

"முழுப் பேரு சொல்லணும்."

"அதுதான் முழுப் பேரு. பேச்சு வந்த நாள்லேர்ந்து அதைத்தான் கூப்பிட்டீங்க."

விசாரணை அதிகாரி மேசையைத் தட்டினார். என் பெயரைச் சொன்னேன். நீங்கள் எழுதினீர்கள். எழுத்துக்கூட்டிக் கேட்காமலே எழுதினீர்கள், அது மட்டும் தெரிந்திருந்தது.

"கோடையில தென்கையை நடந்து கடக்கலாமா?"

"வழி தெரிஞ்சா கடக்கலாம்."

"நீங்களே கடந்திருக்கீங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தின் தரை அப்படியே உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. "கடந்திருக்கேன்" என்றேன்.

"வெறுங்கையோடவா, சுமையோடவா?"

"சுமையோட."

"சுமையோட போனப்போ தரை தாங்குச்சா?"

"நடுவில தாங்கலை. இடுப்பு வரைக்கும் சேத்துல..."

"கடந்தீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"கடந்தேன்."

"போதும்" என்று மூடியைப் போட்டீர்கள்.

நான் நகரவில்லை. "என்ன சுமைன்னு கேக்கலையே?" என்றேன். "தேவையில்லை" என்றீர்கள். வக்கீல் எழுந்து, சுமையோடு ஆள் நடக்கும் தரை எப்படி ஏரியாகும் என்று கேட்டார். அதிகாரி தலையாட்டினார். அதோடு முடிந்தது.

டேய், அன்றைக்கு உன்னைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேனே, இரண்டு கையையும் மடக்காமல். அந்தத் தண்ணீரிடம் உனக்காகப் பிச்சை கேட்டேன். அதைக் கொண்டுபோய் அந்தத் தண்ணீரே இல்லையென்று சாட்சி சொல்ல வைத்தாயே, அதுவும் என் வாயாலேயே.

வெளியே வந்தபோது கட்டைக்குரலார் என் லாஞ்சில் ஏறவில்லை. கிழக்குக் கரைக்குக் காலால் சுற்றி நடந்தே போய்விட்டார். மறுநாள் லாஞ்சில் ஆள் இல்லை. இரண்டு கரையையும் ஒன்றாக்கினேன் என்று பெருமைப்பட்டேன் அல்லவா? இப்போது நிஜமாகவே ஒன்றாகிவிட்டார்கள், என்னோடு பேசுவதில்லை என்பதில்.

உங்களை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பிப்ரவரியில் முதல் கடிதம் எழுதும்போதே இந்தக் குத்தகை விஷயம் உங்களுக்குத் தெரியுமா? எதற்காக வந்தோமோ அதைப் புறப்படும்போதுதான் ஜனங்கள் கேட்பார்கள். தென்கையை நீங்கள் கடைசி வரியில்தான் கேட்டீர்கள். அதனால்தான் கேட்கிறேன். தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சாட்சி


தலைநகர்,
செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என்னை 'ஐயா' என்று எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீயும் அவளும் ஒரு கட்சி என்றால் நான் எங்கே போவேன்?

கோபம் ஆறியபின் யோசித்துப் பார். நான் பொய் சொன்னேனா? நீதான் பொய் சொன்னாயா? வருடத்தில் சில மாதம் காய்கிற இடத்தை நீர்நிலை என்று எழுத விதியில் இடமில்லை. நான் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதியிருப்பான். அவன் 'தங்குகடல்' என்ற பெயரையாவது போட்டிருப்பானா? ஊருக்கு ஒரு பெயர் வாங்கித் தந்தேனே, அதை யாரும் நினைப்பதில்லை. கம்பெனி வந்தால் நம் ஆட்களுக்கு வேலை கிடைக்கும். மாமாவுக்கு மெக்கானிக் வேலைக்கு நான் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த எஞ்சினோடு இன்னும் எத்தனை காலம் மாரடிப்பார்?

அங்கே எல்லோருக்கும் முன்னால் உன்னிடம் அக்கா என்று பேசியிருந்தால் சாட்சியம் செல்லாது. இது உனக்குப் புரியவேண்டும்.

நீ கேட்ட கேள்வி. இதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது. நேரில் வரும்போது சொல்கிறேன்.

சின்னவள் அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறாள்.

உன் தம்பி


தலைநகர்,
நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்கு முன் நீ இப்படி இருந்ததில்லை.

ஆற்றில் பெருவெள்ளம் என்றும், மேற்குக் கரைத் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது என்றும் ரேடியோவில் சொன்னார்கள். படகுத்துறையைப் பெயர் சொல்லியே சொன்னார்கள். நீயும் மாமாவும் எங்கே இருக்கிறீர்கள்? வீடு இருக்கிறதா? இங்கே வந்துவிடுங்கள். இந்த வீட்டில் உங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது, மூன்று பக்கமும் ஜன்னல்.

கம்பெனிக் கரை உடைந்துவிட்டதாக அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். யாரோ வெட்டிவிட்டார்கள் என்று போலீஸுக்கு எழுதியிருக்கிறார்களாம். நீ இதில் எதிலும் இல்லையே? இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி


படகுத்துறை,
டிசம்பர் 29

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். மாமாவுக்குச் சளி. என் முழங்காலைப் பற்றி நீ இனிமேல் விசாரிக்க வேண்டாம்.

நடந்ததை எழுதுகிறேன், உன் வேலைக்கு உதவும். வருடா வருடம் ஆற்றில் வெள்ளம் வந்தால் தண்ணீர் கழுத்து வழியாகத் தென்கைக்குப் போய் அகலமாகப் படுக்கும், வெயில் வந்து குடிக்கும்வரை. வெளியே போக வழியில்லாத தண்ணீருக்குக் காலை நீட்ட இருந்த இடம் அது ஒன்றுதான். இந்த வருடம் வந்து பார்த்தது. கழுத்தில் கரை. லாரி லாரியாக மண் கொட்டி, புரட்டாசித் தூறலுக்குள்ளேயே எழுப்பிவிட்டார்கள். தண்ணீர் என்ன செய்யும்? வேறு இடம் தேடியது. மேற்குத் தெருதான் பள்ளம்.

வாத்தியார் வீடு முதலில் போனது. பிறகு பள்ளிக்கூடம். விசாரணைக்கு நீங்களெல்லாம் உட்கார்ந்திருந்த மேசை வாசல் வழியாக மிதந்து வெளியே வந்ததை நானே பார்த்தேன். நம் வீட்டில் ஜன்னல்வரை நின்றது. உப்புத் தண்ணீர் ஏறிய சுவர் நிற்காது, இடித்துத்தான் கட்டவேண்டும்.

அன்றைக்குக் கிழக்குக் கரையிலிருந்து வள்ளம் வள்ளமாக வந்தார்கள். முன்னால் கட்டைக்குரலார். வாத்தியார் கூரைமேல் இருந்தார். "வாங்க வாத்தியாரே, கடல்னா அலை வேணும்னீங்களே, வந்திருக்கு" என்று கையை நீட்டினார். வாத்தியார் சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு கட்டைக்குரலார் என் லாஞ்சின் அருகே வந்து நின்றார். மூன்று மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சு: "எஞ்சின் ஓடுமா அக்கா?" என்னைவிட இருபது வயசு மூத்தவர்.

ஓடியது.

அதற்கு மறுநாள் காலை கரை உடைந்தது. தெருத் தண்ணீர் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. போலீஸ் வந்து யார் உடைத்தது என்று கேட்டார்கள். தண்ணீர் என்றோம். இரண்டு கரையிலும் ஆளுக்கு ஆள் கேட்டுப் பார்த்தார்கள், ஒரே பதில். லாஞ்சு அன்றைக்கு ரிப்பேரில் இருந்ததாகவும் எல்லோரும் சொன்னார்கள். மாமாவும் அதையே சொன்னார். அவர் உள்ளங்கையில் கொப்புளம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு என்ன கேட்கவேண்டும் என்று உன்னைப் போலத் தெரியவில்லை.

உன் வீட்டுக்கு வரமாட்டோம். அந்த அறை நல்ல அறையாகத்தான் இருக்கும். எதைக் கொடுத்து வாங்கியது என்று தெரிந்த அறையில் எனக்குத் தூக்கம் வராது. சின்னவளை நீ அனுப்பினால் நான் பார்த்துக்கொள்வேன். அவளுக்கு இதில் ஒன்றும் இல்லை.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதாததே பதில். இனி நேரிலும் சொல்ல வேண்டாம்.

போன வாரம் மேலிடத்து உத்தரவு என்று உன் துறையிலிருந்து மறுபடி அளக்க வந்தார்கள். ஒரு சின்னப் பெண், நில அளவையாளர். என் லாஞ்சில்தான் போனாள். தென்கை நடுவில் நூலில் ஈயக்குண்டு கட்டி விட்டாள். நூல் போய்க்கொண்டே இருந்தது. ஆழத்தைக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு இடமாகக் காட்டிப் பெயர் கேட்டாள். கூட வந்த கூனிக்காரப் பெண்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். உடைந்த கம்பெனிக் கரையின் இரண்டு துண்டுக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற இடம் வந்தது.

"இதுக்கு என்ன பேரு?"

"தம்பி உடைப்பு" என்றாள் ஒருத்தி.

உன் சொந்தப் பெயர் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் நான் தம்பி, தம்பி என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவே பேராக நின்றுவிட்டது. கரை எழும்பியபோது தம்பி அடைப்பு என்றார்கள். இப்போது தம்பி உடைப்பு. ஏறுகிறவர்கள் "தம்பி உடைப்புல ஒரு ஆள் இறங்கணும்" என்கிறார்கள், நானும் நிறுத்துகிறேன்.

"யார் அந்தத் தம்பி?" என்று கேட்டாள் அந்தப் பெண். எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் எஞ்சினை முடுக்கினேன்.

ஜனங்கள் சொல்கிற பெயரை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதுவதுதான் சட்டமாம். எழுதிக்கொண்டுபோய்விட்டாள். தாள் உன் மேசைக்குத்தான் வரும். நீதான் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பவேண்டும். பிழையில்லாமல் பார்த்து அனுப்பு.

இப்படிக்கு,
லாஞ்சு ஓட்டுகிறவள்